எருசலேமில் அடித்த பில்லை

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு செய்தி சொன்னார்கள். ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை. எருசலேம் வரை போய் வந்தவர். முதலாவதைக் கேட்டு என் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதைக் கேட்டு என் அப்பா விழுந்துவிட்டார். ஒடுகத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்யும் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. வேலூர்க் கோட்டைக்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்காத ஜனங்கள். எருசலேமைக் கண்ணால் கண்ட மாப்பிள்ளை கிடைக்கிறான் என்றால் விடுவார்களா? தோல் நாற்றமெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக் கட்டிக் கொடுத்தார்கள். நாற்றம் பழகியது உண்மைதான். எருசலேம்தான் கடைசி வரை பழகவில்லை.

ஆம்பூர் வந்து இறங்கிய மறுநாளே கிணற்றடியில் என்னை "எருசலேம் பொண்டாட்டி" என்றார்கள். மரியாதைப் பட்டம் போலிருக்கிறது என்று தலை குனிந்து சிரித்தேன். அப்புறம் ஒருத்தி கேட்டாள்: "இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரு இன்னிக்குக் கம்பெனிக்குப் போய்ட்டாரா, இல்ல எருசலேமுக்குப் போய்ட்டாரா?" சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோதுதான் புரிந்தது. ஊரில் ஒருவர்கூட அவர் அங்கே போனதை நம்பவில்லை. பொய்யனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரன் ஜெர்மனியோடும் துருக்கியோடும் போட்ட பெரிய சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் அவருடைய அத்தை மகனும் சேர்ந்தே போய்ப் பெயர் கொடுத்தார்கள். எதிரெதிர் வீட்டில் பிறந்து ஒரே தட்டில் தின்று வளர்ந்த இருவர். துப்பாக்கி கிடைக்கும் என்று மீசையை முறுக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தார்கள். கப்பல் ஏறி எகிப்தில் இறங்கி, துருக்கிக்காரன் பின்வாங்கப் பின்வாங்க இவர்கள் பின்னாலேயே ரோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படிப் போட்டுக்கொண்டே போன ரோடு, ஒரு மழைக்காலத்தில் எருசலேமில் போய் முடிந்தது.

போனது இருவர். திரும்பியது என் வீட்டுக்காரர் மட்டும். அத்தை மகன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.

இவர் வந்த புதிதில் ஊர் ஆவலாகத்தான் இருந்திருக்கிறது. எங்கள் கோயில் உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இவரை முன்னால் நிறுத்தி, எருசலேமைப் பற்றிச் சபைக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டாராம். உபதேசியார் பல வருஷமாகப் பிரசங்கத்தில் அந்த ஊரைக் கட்டி எழுப்பி வைத்திருந்தார். முத்தால் வாசல், பொன்னால் தெரு, பளிங்கு மாதிரி தண்ணீர். இவர் நாலே வார்த்தைதான் சொன்னார்.

"ஒரே சேறு. ஒரே குளிர்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். சபை 'ஐயோ' என்று பார்க்கவும் இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஊருக்குள்ளார நொழைஞ்சதுமே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இன்னாடா இது, தெரிஞ்ச வாசனையா இருக்குதேன்னு பாத்தா, ஒரு தெருவுல தோலு ஊறப் போட்டிருக்காங்க. அப்பிடியே நம்ம கம்பெனி நாத்தம். ஊட்டுக்கே வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

பரிசுத்த நகரத்தில் தோல் நாற்றம்! உபதேசியாரின் முகம் போன போக்கை இன்றைக்கும் எங்கள் தெருவில் நடித்துக் காட்டுவார்கள். இவன் எங்கேயோ பம்பாயில் கழுதை மேய்த்துவிட்டு வந்து கதை அளக்கிறான் என்று அன்றைக்கே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். சபையும் சரி என்றது. தோல் நாற்றத்திலேயே வாரம் முழுக்க வேகிற ஜனம் அது. எருசலேமாவது வாசனையாக இருக்கட்டுமே என்று நினைத்ததில் என்ன தப்பு?

உபதேசியாராவது பரவாயில்லை. நம்பாதவர்கள் கட்சிக்குத் தலைவி எதிர்வீட்டிலேயே இருந்தாள். அவள்தான் என் வீட்டுக்காரரின் அத்தை, இறந்து போனவரின் தாய். கம்பெனி வாசலில் கூடை வைத்து ஆப்பம் விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து கம்பெனி மேஸ்திரிகளே வேறு வாசல் வழியாகப் போவார்கள். மகன் இறந்ததாகப் பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தபோது அதில் தகப்பன் பெயரை ஒரு எழுத்து மாற்றி எழுதியிருந்தார்கள். "இது வேற யாரு பெத்த புள்ளயோ, பாவம்" என்று சொல்லி, அந்த வேறு யாரோவின் தாயை நினைத்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, காகிதத்தைத் தபால்காரன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு இவர் வந்து நின்றார். "அத்தே, அவன் எருசலேமாண்ட காய்ச்சல்ல..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை.

"நீ எருசலேம் போனதை யார்டா பாத்தாங்க?" என்றாள்.

அத்தையின் கணக்கு தெளிவானது. இவர் எருசலேம் போகவில்லையென்றால், அங்கே எதையும் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லையென்றால், அவள் மகன் சாகவில்லை. ஆகவே இவர் பொய்யன். இவர் பொய்யனாக இருக்கிற வரைக்கும் மகன் எந்த ரயிலிலாவது வந்து இறங்குவான். தினமும் ஆப்பம் விற்றுத் தீரும்போது ஒன்றை மட்டும் மந்தாரை இலையில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்துவிடுவாள். சாயங்கால ரயில் போன பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "அவன் இன்னிக்கும் வரல. வீணாப் போவக் கூடாது, நீ தின்னு" என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டுவாள். பகலெல்லாம் 'புளுகன், பித்தலாட்டக்காரன்' என்று வாசலில் உட்கார்ந்து ஏசிய வாய்தான். இவரும் கை நீட்டி வாங்கித் தின்பார். முதல் சில நாள் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் அந்த ஆப்பம் வருகிற நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விட ஆரம்பித்தேன்.

அத்தைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஊரில் யார் செத்தாலும் அழுவதற்கு முன்னால் பாலாற்றங்கரைக்குப் போய்க் குழியை எட்டிப் பார்ப்பாள். அவள் புருஷன் பேதி வந்த வருஷத்தில் செத்துப்போனார். அவசரத்தில் மேலோட்டமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். நரி வந்து கிளறிவிட்டது. அவளே தனியாகக் கல் பொறுக்கி அடுக்கினாளாம். அதிலிருந்து யார் குழி தோண்டினாலும், "இன்னா கத்திரி நாத்து நடவா தோண்றீங்க? எறங்குங்கடா கீழ!" என்று மேட்டில் நின்று விரட்டுவாள். வெட்டுகிற ஆட்கள் பிணத்துக்குப் பயப்பட மாட்டார்கள், அத்தைக்குப் பயப்படுவார்கள்.

இப்போது ஒரு காசின் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவருடைய வேட்டியைத் துவைக்க எடுத்தபோது முடிச்சில் கனமாக ஏதோ இருந்தது. அவிழ்த்தேன். ரூபாய்க் காசு அகலத்தில் கறுத்துப்போன செம்புக் காசு. வட்டம்கூட சரியில்லை, கல் காய்வதற்குள் வார்த்த தோசை மாதிரி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் குட்டைத் தாடி வைத்த ஒரு முகம், தலையில் குல்லா மாதிரி ஒன்று, அதன் மேல் சிலுவை. மறு பக்கம் பெரிதாக இங்கிலீஷ் 'எம்' எழுத்து. சுற்றிலும் அடியிலும் புரியாத சின்ன எழுத்துகள்.

"எருசலேம் காசு" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "இதை வெச்சிக்கிட்டா ஊர்ல பேச்சு வாங்குறீங்க? உபதேசியார் மூஞ்சில வுட்டெறிங்க முதல்ல!" என்றேன். அவர் காசைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டார். சொன்னேன், கெஞ்சினேன், சோறு போடாமல்கூட பார்த்தேன். எருசலேமுக்காகத் தெருவில் யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்கிற மனுஷர், கையில் இருக்கிற ஒரே சாட்சியைக் காட்ட மாட்டேன் என்கிறார். இப்படி ஒரு பைத்தியத்தைப் பார்த்ததுண்டா?

கடைசியில் ஒரு நாள் கிணற்றடியில் வைத்து, வேறு யாரும் இல்லாதபோது சொன்னார். அத்தை மகன் செத்த அன்று அவருக்குக் குழி தோண்டியது இவர்தான். தோண்டும்போது மண்வெட்டியில் 'ணங்' என்று பட்டு மேலே வந்தது அந்தக் காசு. "இத காட்டினா எங்க கெடச்சுதுன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்ல? ஊரு என்ன நம்பிடும். அப்புறம் அத்தைக்கு இன்னா மிஞ்சும்?" என்றார்.

எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. அத்தைக்காக இவர் ஆயுசு முழுக்கப் பொய்யனாக இருப்பதா? எனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் 'எருசலேம் பிள்ளைகள்' என்று கூப்பிடுவார்களே! உண்மை தெரிந்தால் அத்தை ஒரு நாள் அழுவாள், பிறகு தேறிவிடுவாள் என்று வாதாடினேன். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளைப் பில்லை. காலையில் உள்ளே நுழையும்போது வாசல் பெட்டியில் போட வேண்டும். போட்டால்தான் வந்ததாகக் கணக்கு. பில்லையின் மேல் முதலாளி பெயரின் முதல் எழுத்து, அதன் கீழே ஆளின் நம்பர். எங்கள் முதலாளி பெயரின் முதல் எழுத்து என்ன என்று கேட்கிறீர்களா? 'எம்'மேதான். விதி விளையாடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் இவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினார். விறைத்த கையால் ஈர முடிச்சை அவிழ்த்து, தடவிப் பார்த்தால் 'எம்' தட்டுப்பட்டிருக்கிறது. பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பித்தளைப் பில்லை மடியிலேயே இருந்தது.

பகலில் பில்லைகளை எண்ணிய மேஸ்திரி இந்தக் காசில் வந்து நின்றுவிட்டார். எழுத்து சரியாக இருக்கிறது, நம்பரைக் காணோம். திருப்பினார். தாடி. குல்லா. மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. முதலாளி சாயபுவுக்கும் தாடி உண்டு, குல்லா உண்டு. எவனோ திருட்டுப் பில்லை அடித்ததுமில்லாமல், அதில் முதலாளியின் முகத்தையும் வரைந்து, குல்லாவின் மேல் சிலுவையை வைத்து அவருக்கு ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டான் என்று முடிவுகட்டி, "யார்ரா இந்த வேலய செஞ்சவன்?" என்று முற்றத்தில் நின்று கத்தினார்.

நான் சோறு கொண்டுபோன நேரம். உலரப் போட்ட தோல்களை மழைக்கு அள்ளிப் போட்டிருந்த கொட்டகையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். அத்தையும் ஆப்பக் கூடையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றாள். சண்டை நடக்கிற இடத்தில் அவள் இல்லாமல் இருந்ததே இல்லை. முதலாளி சாயபு வந்தார். காசைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தார்.

"அரே, என் தாடி இவ்ளோ கம்மியா?" என்றார்.

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. என் வீட்டுக்காரர் வரிசையிலிருந்து வெளியே வந்தார். "மொதலாளி, அது என்னுதுங்க. பில்லைன்னு நெனச்சு மாத்திப் போட்டுட்டேன். எருசலேம் காசு."

"எருசலேம்ல நம்ம கம்பெனிப் பில்லை அடிக்கிறாங்களாக்கும்?" என்றார் மேஸ்திரி. இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் சிரிப்பு எல்லோரையும் விட உரக்கக் கேட்டது.

சாயபு மட்டும் சிரிக்கவில்லை. அது அவர்களுக்கும் புனிதமான ஊர். "நெஜமா போனியா? அங்க துருக்கிக்காரனைச் சுட்டியா?" என்று கேட்டார். துருக்கிச் சுல்தானுக்காகச் சாயபுமார் ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இல்லீங்க. மண்ணுதான் வெட்டினேன்."

"ஊரு எப்படி இருந்துச்சு?"

இவர் திருந்துகிற ஆளா? "ஒரே சேறுங்க. ஒரு தெருவுல தோலு ஊறப் போட்டிருந்தாங்க. நம்ம கம்பெனி மாதிரியே நாறுச்சுங்க" என்றார்.

சாயபு காசை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "இவன் நெஜமாத்தான் போயிருக்கான். பொய் சொல்றவன் தங்கம் இருந்துச்சும்பான், வைரம் இருந்துச்சும்பான். தோல் நாத்தம் இருந்துச்சுன்னு எவனாவது பொய் சொல்வானா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷருக்கு நான் இன்றைக்கும் ஜெபம் பண்ணுகிறேன். அவ்வளவு நாளாக உபதேசியாருக்கும் சபைக்கும் எனக்கும்கூட இது தோன்றவில்லையே! பெருமை தாங்காமல் திரும்பி அத்தையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "இது எங்கடா கெடச்சுது உனக்கு?" என்று இவரிடம் கேட்டாள். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. இவர் காது கேட்காத மாதிரி தோல்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

சாயபுவுக்கு அந்த எழுத்தை என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் எங்கள் கோயில் அறுப்புப் பண்டிகைக்கு வேலூரிலிருந்து பெரிய பாதிரியார் வருவதாக இருந்தது. வெள்ளைக்காரர், கிரேக்கமெல்லாம் படித்தவர். அவரிடம் காட்டிக் கேட்டுவிடலாம் என்று சொல்லிக் காசைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அந்த ஒரு வாரமும் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை சாயங்காலம் ஆப்பத்தை நீட்டியபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். நானோ அவருடைய சட்டைக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்தேன். ஜெயிக்கப் போகிற நாளில் கசங்கின சட்டையா போடுவது?

பண்டிகை நாளில் பூசணியும் வாழைத்தாரும் நெல் மூட்டையும் கோயில் படியெல்லாம் குவிந்து கிடந்தன. காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும், சாயபு கொடுத்தனுப்பிய காசை மேஸ்திரி கொண்டுவந்து பாதிரியாரிடம் கொடுத்தார். இன்றைக்கு இவன் சாயம் வெளுக்கப் போகிறது என்று உபதேசியார் முதல் ஆளாக முன்னால் வந்து நின்றார். சபை முழுக்கச் சுற்றி நின்றது. அத்தை வாழைத்தாருக்குப் பக்கத்தில் நின்றாள்.

பாதிரியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, காசைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பேசுகிற தமிழ் அச்சடித்த மாதிரி இருக்கும். "சகோதரரே, இது மிகவும் பழமையான நாணயம். ஆயிரத்து முந்நூறு வருஷமாவது இருக்கும். இது இங்கிலீஷ் எழுத்தல்ல. கிரேக்கர்கள் எழுத்தால் எண்ணுவார்கள். இதற்கு நாற்பது என்று பொருள்" என்றார்.

"நாப்பதாம் நம்பர் ஆளு போன மாசமே நின்னுட்டானே" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். 

பாதிரியார் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. இந்த முகம் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து ஆண்ட ஒரு கிறிஸ்தவ ராஜாவின் முகம். அவர் காலத்தில் பாரசீகப் படை வந்து ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டே எருசலேமை நோக்கி இறங்கியது. அப்போது அடித்த காசு இது. "சாதாரணமாக அடியில், அடித்த பட்டணத்தின் பேரைப் போடுவார்கள். இதில் பட்டணத்தின் பேர் இல்லை. அந்த இடத்தில் வேறு எழுதியிருக்கிறது. 'கிறிஸ்து ஜெயிக்கிறார்' என்று இருக்கிறது. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எருசலேமிலேயே அடித்திருப்பார்களோ என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மிகவும் அவசரமாக அடித்திருக்கிறார்கள்" என்றார்.

"ஜெயிச்சாங்களா ஐயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லை. பட்டணம் விழுந்தது. திரளான பேர் மடிந்தார்கள். கர்த்தரை அறைந்த சிலுவையையே எதிரிகள் எடுத்துப் போனார்கள். அதை மீட்க ராஜாவுக்கு வெகுகாலம் ஆயிற்று."

எனக்கு அந்தக் காசடித்த ஜனங்களை நினைத்துப் பாவமாக இருந்தது. எதிரி வாசலுக்கு வந்துவிட்டான், ராஜா தூரத்தில் இருக்கிறார், இவர்கள் உட்கார்ந்து 'ஜெயிக்கிறார், ஜெயிக்கிறார்' என்று செம்பில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? அப்போது என் கண் தானாக அத்தையிடம் போயிற்று. இடுப்பில் அவளுடைய கூடை இருந்தது. அடியில் மந்தாரை இலைப் பொட்டலம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்கு ஜெயிக்கிற ஆசை விட்டுப் போயிற்று.

பாதிரியார் என் வீட்டுக்காரரின் தோளில் கை வைத்தார். "சகோதரரே, இதை நீர் எவ்விடத்தில் கண்டெடுத்தீர்?"

உபதேசியார் முகத்தில் ஈயாடவில்லை. எருசலேம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிரியாரே சாட்சி, இத்தனை வருஷத்துப் பேச்சும் ஒரு நொடியில் ஒழிந்துவிடும். இவர் வாயைத் திறந்தார். வாழைத்தார்ப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"பம்பாய்லங்க. கப்பல் எறங்கற எடத்துல ஒருத்தன் வித்தான்" என்றார்.

கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. பிறகு கோயில் கூரை அதிரச் சிரித்தது. "நான் அப்பவே சொல்லல?" என்று உபதேசியார் துள்ளினார். பாதிரியார் மட்டும் சிரிக்காமல் இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பம்பாயில் எல்லாம் கிடைக்கும்" என்று மெதுவாகச் சொல்லிக் காசைக் கையில் கொடுத்தார். எனக்கு அழுகையும் வந்தது, கஞ்சி போட்ட சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. அவரை அன்றைக்கு எனக்குப் பிடித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பிடித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. "நல்லா இருக்குது உங்க பொழைப்பு" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்கால ரயில் கூவிக்கொண்டு போயிற்று. அத்தை வந்து வாசலில் நின்றாள். வழக்கமாக வந்ததும் ஆப்பத்தை நீட்டுவாள். அன்று நீட்டவில்லை.

"பம்பாய்ல வாங்கலடா நீ" என்றாள்.

"வாங்கினேன் அத்தே."

"ஊரே காறித் துப்பினப்பகூட எருசலேம வுட்டுக் குடுக்காதவன்டா நீ. பாதிரியாரே கேக்கறாரு, ஜெயிக்கப் போற, என் மூஞ்சியப் பாத்துட்டு வுட்டுக் குடுக்கற. எனக்குப் புரியாதா?" கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "வேற எங்க கெடச்சிருந்தாலும் எங்கிட்ட எதுக்குடா மறைக்கப் போற? அவன வெச்ச எடத்துலதான கெடச்சுது?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காசைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு தோண்டினது?"

"நான்தான் அத்தே. வேற யாரையும் தொட வுடல."

"ஆழமாத் தோண்டினியா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. "ஆழமா, அத்தே. ரொம்ப ஆழமா. ஆயிரத்து முந்நூறு வருசத்துக் காசு மேல வர்ற ஆழம்" என்றார்.

அத்தை அதை யோசித்துப் பார்த்தாள். குழிகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. திருப்தியானவள் மாதிரி தலையை அசைத்து, காசை அவர் கையில் திருப்பி வைத்தாள். பிறகு கூடையின் அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, இலையைத் தானே பிரித்து, அவர் முன்னால் வைத்தாள். அவன் இன்னிக்கும் வரல என்று சொல்லவில்லை. வீணாப் போவக் கூடாது என்றும் சொல்லவில்லை.

"தின்னுடா, ஆறிப் போவுது" என்றாள்.